பைத்தானில் முழு எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் 3-இல் முழு எண் கணக்கு, எண் எவ்வளவு பெரிதானாலும் பிசகாது. பிசகு வருவதெல்லாம் அந்த எண் வேறொன்றாக மாறும் இடத்தில்தான்: ஃப்ளோட்டாக (தசமப் புள்ளி எண்), நம்பை நூலகத்தின் வரிசையாக, டேட்டாபேஸ் கட்டமாக, ஜேசான் (தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) வரியாக. அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அந்த இடங்களைப் பற்றியே பேசும். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டவும்.

முழு எண்ணுக்குப் பைத்தானில் எத்தனை வகைகள் உள்ளன?

ஒன்றே ஒன்று: இன்ட். பைத்தான் 2-இல் இன்ட், லாங் என்று இரண்டு இருந்தன. 2008 டிசம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பில் இரண்டும் ஒன்றாயின. சி மொழியில் இருப்பதுபோல 8 பிட், 16 பிட், 32 பிட் என்ற பிரிவுகளோ, குறி உள்ளது, குறி இல்லாதது என்ற வேறுபாடோ இங்கே கிடையாது. பழைய நிரலில் எண்ணின் கடைசியில் எல் எழுத்து ஒட்டியிருந்தால் பைத்தான் 3 அதை ஏற்காது. எழுத்தை எடுத்துவிட்டால் போதும்.

அப்படியானால் உச்சவரம்பே இல்லையா? சிஸ்.மேக்ஸ்சைஸ் என்று ஒன்று இருக்கிறதே?

இன்ட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. கணினியின் நினைவகம் தாங்கும்வரை எண் வளரலாம். சிஸ்.மேக்ஸ்சைஸ் என்பது ஒரு லிஸ்ட்டிலோ ஸ்ட்ரிங்கிலோ எத்தனை உறுப்புகள் இருக்கலாம் என்பதற்கான எல்லை. 64 பிட் கணினியில் அது 9223372036854775807. அதோடு 1 கூட்டினால் சரியாக 9223372036854775808 வரும், ஒன்றும் கெடாது. அதை "மிகப்பெரிய முழு எண்" என்று நினைத்து, சிறும மதிப்பு தேடும் நிரலில் தொடக்க மதிப்பாக வைப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய எண்கள் மட்டுமே வந்தால் விடை தவறிவிடும். அங்கே ஃப்ளோட்டின் முடிவிலியை வையுங்கள், அல்லது பட்டியலின் முதல் எண்ணிலிருந்தே தொடங்குங்கள்.

உள்ளே எப்படிச் சேமிக்கிறது?

நாம் பத்தின் அடிமானத்தில் இலக்கம் இலக்கமாக எழுதுகிறோம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானான சிபைத்தான் 2^30 (2-இன் 30-ஆம் அடுக்கு) அடிமானத்தில் "இலக்கம்" வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் 4 பைட். 64 பிட் கணினியில் 1 என்ற எண்ணின் அளவைக் கெட்சைஸ்ஆஃப் கொண்டு பார்த்தால் 28 பைட் என்று காட்டும். 1073741823 வரை அதே 28 தான். ஒன்று கூடி 2^30 ஆனதும் இரண்டாவது இலக்கம் தேவைப்பட்டு 32 ஆகிறது. 2^60-இல் 36. எட்டு பைட்டில் அடங்கும் எண்ணுக்கு 28 பைட் என்பது வீண்போலத் தோன்றும். எண்ணின் வகை, நிரலில் எத்தனை இடங்கள் அதைச் சுட்டுகின்றன என்ற கணக்கு, இலக்கங்களின் எண்ணிக்கை ஆகியவையும் கூடவே இருப்பதால்தான் அவ்வளவு.

பெரிய எண்ணை அச்சிட்டால் "4300 இலக்கம்" என்று வேல்யூ எரர் வருகிறது. கணக்கு தவறா?

கணக்கு சரியாகவே இருக்கிறது. தடுக்கப்படுவது அதைத் தசம எழுத்தாக மாற்றும் வேலை. 10^4299-ஐ அச்சிடலாம், அதில் 4300 இலக்கங்கள். 10^4300-ஐ அச்சிட முயன்றால் பிழை. எண்ணிலிருந்து ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங்கிலிருந்து எண் என்று இரு திசைக்கும் இந்த எல்லை பொருந்தும்.

3.11 காலத்தில், இலக்கங்கள் இரட்டித்தால் இந்த மாற்றத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. இணையச் சேவை ஒன்றுக்கு யாராவது பல லட்சம் இலக்கங்களை அனுப்பினால், அதைப் படிப்பதிலேயே சர்வர் முடங்கிப்போகும். அதைத் தடுக்கவே 3.11 பதிப்பில் இந்த எல்லை வந்தது. பாதுகாப்புத் திருத்தமாகப் பழைய பதிப்புகளுக்கும் சேர்க்கப்பட்டது.

சிஸ் தொகுதியில் உள்ள செட்_இன்ட்_மேக்ஸ்_எஸ்டிஆர்_டிஜிட்ஸ் மூலம் எல்லையை உயர்த்தலாம். 0 கொடுத்தால் எல்லையே இல்லை. வெளியாரிடமிருந்து உள்ளீடு வாங்கும் நிரலில் 0 கொடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது எண்ணைச் சேமித்து மீட்பது மட்டுமே என்றால் பதினாறடிமானத்தில் எழுதுங்கள். அதற்கு இந்த எல்லை கிடையாது, வேகமும் அதிகம்.

6 / 2 என்றால் ஏன் 3.0 வருகிறது?

ஒற்றைச் சாய்கோடு எப்போதும் ஃப்ளோட்டையே தரும், மீதியில்லாமல் வகுபட்டாலும் கூட. முழு எண் ஈவு வேண்டுமானால் இரட்டைச் சாய்கோடு: 6 // 2 என்பது 3.

முதலில் 6 / 2 போட்டுவிட்டுப் பிறகு இன்ட்() கொண்டு மாற்றிக்கொள்ளலாமே என்றால், சிறிய எண்களில் தப்பித்துவிடுவீர்கள். 999999999999999999-ஐ 1-ஆல் வகுத்து மாற்றிப் பாருங்கள்: 1000000000000000000 வரும். ஃப்ளோட் 53 பிட் துல்லியம் மட்டுமே தாங்கும். 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களையும் அதனால் பிடித்துவைக்க முடியாது. // போட்டால் எண் ஃப்ளோட் பக்கமே போவதில்லை.

-7 // 2 ஏன் -4? -3 அல்லவா வரவேண்டும்?

-7-ஐ 2-ஆல் வகுத்தால் -3.5. இதை முழு எண்ணாக்க இரண்டு வழிகள் உண்டு. சுழியை நோக்கி வெட்டினால் -3. கீழ்நோக்கி இறக்கினால் -4. சி, ஜாவா போன்ற மொழிகள் வெட்டுகின்றன. பைத்தான் இறக்குகிறது.

ஈவு எப்படியோ மீதியும் அப்படியே மாறும், ஏனென்றால் ஈவு × வகுஎண் + மீதி = முதல் எண் என்ற உறவு உடையக்கூடாது. பைத்தானில் -7 % 2 என்பது 1. (-4) × 2 + 1 = -7, சரி. சி-யில் மீதி -1. (-3) × 2 - 1 = -7, அதுவும் சரி. எனவே இதில் யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் ஒரு மொழியின் வழக்கத்தை இன்னொன்றில் எதிர்பார்த்தால் நிரல் பிசகும்.

பைத்தானின் வழி எவ்வளவு வசதி என்பது சுழன்று வரும் கணக்குகளில் தெரியும். மணி 2. ஐந்து மணி நேரம் முன்பு எத்தனை மணி? (2 - 5) % 24 என்று எழுதினால் பைத்தான் நேராக 21 என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் -3 வரும், 24-ஐக் கூட்டி மறுபடி மீதி எடுக்கவேண்டும். ஒற்றைப்படையா என்று பார்க்க எண் % 2 == 1 என எழுதுவது பைத்தானில் -7-க்கும் வேலை செய்யும். அதே வரியை ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கொண்டுபோனால் -7 ஒற்றைப்படை இல்லை என்று சொல்லிவிடும். மீதி சுழியா இல்லையா என்று ஒப்பிட்டால் எந்த மொழியிலும் பிழைக்காது.

இதிலிருந்தே மேல்நோக்கி ஏற்றும் வகுத்தலும் கிடைக்கிறது. 101 பதிவுகள், பக்கத்துக்குப் பத்து, எத்தனை பக்கங்கள்? -(-101 // 10) என்று எழுதுங்கள். 11 வரும். ஃப்ளோட் எங்கும் தலைகாட்டாது.

தசம எண்ணை முழு எண்ணாக்க எது சரியான வழி?

என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. இன்ட்(-3.5) சுழியை நோக்கி வெட்டி -3 தரும். மேத்.ஃப்ளோர் -4 தரும். மேத்.சீல் -3 தரும். ரவுண்ட்() அருகில் உள்ளதைத் தரும். ஆனால் சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும்: ரவுண்ட்(2.5) என்பது 2, ரவுண்ட்(3.5) என்பது 4. பள்ளியில் படித்த "ஐந்து வந்தால் ஒன்று கூட்டு" விதி இங்கே பொருந்தாது.

அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: இன்ட்(0.29 * 100). வரவேண்டியது 29, வருவது 28. 0.29-ஐ இரும எண்ணாகத் துல்லியமாக எழுத முடியாததால் பெருக்கல் 28.999999999999996-இல் நிற்கிறது. இன்ட் வெட்டிவிடுகிறது. தொகைகளைக் கையாளும்போது தொடக்கத்திலிருந்தே மிகச்சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது டெசிமல் தொகுதியில் ஸ்ட்ரிங்காகக் கொடுத்து ஏற்றுங்கள். ரவுண்ட் போட்டு ஒப்பேற்றுவது ஒருநாள் கைவிடும்.

வர்க்கமூலத்தின் முழுப்பகுதி வேண்டும். மேத்.ஸ்க்வர்ட் போட்டு இன்ட் ஆக்கினால் போதாதா?

போதாது. 999999999999999999-க்கு அது 1000000000 என்று சொல்லும். சரியான விடை 999999999. 3.8 பதிப்பிலிருந்து மேத்.ஐஸ்க்வர்ட் இருக்கிறது. முழு எண்ணாகவே கணக்கிடுவதால் எவ்வளவு பெரிய எண்ணுக்கும் சரி.

பயனர் தட்டிய எழுத்தில் இன்ட்() எதையெல்லாம் ஏற்கும்?

"12", "+12", "-12", முன்னும் பின்னும் இடைவெளி உள்ள " 12 ", அடிக்கோட்டால் பிரித்த "1_000" எல்லாவற்றையும் ஏற்கும். "1,000", "12.5", வெற்று ஸ்ட்ரிங் மூன்றுக்கும் வேல்யூ எரர். "12.5" வரலாம் என்றால் முதலில் டெசிமலாக மாற்றி, பின்னத்தை என்ன செய்வது என்று நீங்கள் முடிவெடுத்துப் பிறகு இன்ட் ஆக்குங்கள்.

தமிழ் இலக்கங்களையும் அது ஏற்கும் என்பது பலருக்குத் தெரியாது. இன்ட்("௧௨") என்றால் 12. யூனிகோடில் ௦ முதல் ௯ வரை தசம இலக்கங்கள் என்றே வகைப்படுத்தப்பட்டிருப்பதால் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் ௰, ௱, ௲ ஆகியவை பத்து, நூறு, ஆயிரம் என்ற மதிப்பைக் குறிக்கும் குறிகள், இட மதிப்பு இலக்கங்கள் அல்ல. அவற்றைக் கொடுத்தால் பிழை வரும். பழைய முறையில் எழுதிய எண்களைப் படிக்கவேண்டுமானால் நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதவேண்டும்.

முன்கூட்டியே சோதிக்க விரும்பினால் ஐஸ்டெசிமல் பயன்படுத்துங்கள், ஐஸ்டிஜிட் வேண்டாம். மேலே தூக்கி எழுதும் ² குறிக்கு ஐஸ்டிஜிட் "ஆம்" என்கும், இன்ட்() அதே குறிக்குப் பிழை எறியும். இரண்டுமே மைனஸ் குறியை ஏற்பதில்லை. அதனால் சோதித்துப் பிறகு மாற்றுவதைவிட, மாற்றிப் பார்த்து வேல்யூ எரரைப் பிடிப்பதே சரியான பழக்கம்.

நிரலில் 010 என்று எழுதினால் ஏன் பிழை?

சி மொழியிலும் பைத்தான் 2-இலும் முன்னால் சுழி வந்தால் எண்ணடிமானம், அதாவது எட்டின் அடிமானம். அங்கே 010 என்றால் 8. இந்தக் குழப்பம் வேண்டாம் என்று பைத்தான் 3 அதைத் தடுத்துவிட்டது. எண்ணடிமானம் வேண்டுமானால் சுழியை அடுத்து ஓ எழுத்து சேர்க்கவேண்டும். ஸ்ட்ரிங்காக வந்த "010"-ஐ இன்ட்() சாதாரணமாக 10 என்றே படிக்கும்.

இரண்டு எண்கள் சமமா என்று "இஸ்" போட்டுப் பார்த்தேன். 256 வரை சரியாக வந்து, 257-இல் தவறுகிறது.

இஸ் மதிப்பைப் பார்ப்பதில்லை. இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று பார்க்கிறது. சிபைத்தான் -5 முதல் 256 வரையுள்ள எண்களை முன்பே உருவாக்கிப் பொதுவில் வைத்திருந்ததால் அதுவரை சரியாக வருவதுபோல் தெரிந்தது. அந்த வரம்பு மொழியின் விதி அல்ல, பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். போதாததற்கு, 257-ஐ ஒரே கோப்பில் இரண்டு முறை எழுதினால் சரியாக வரும், ஊடாடும் திரையில் இரண்டு வரிகளாகத் தட்டினால் தவறும். சோதனையில் தேறி உண்மையான ஓட்டத்தில் விழும் பிழை இது. எண்களுக்கு எப்போதும் ==.

ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் எண்களா?

ஆம். அவற்றின் வகையான பூல், இன்ட்டின் வாரிசு. ட்ரூ + ட்ரூ = 2. நிபந்தனைக்குப் பொருந்தியவை எத்தனை என்று எண்ண சம்() போடமுடிவது இதனால்தான். தொல்லை எங்கே என்றால், "வயது முழு எண்ணா?" என்று ஐஸ்இன்ஸ்டன்ஸ் மூலம் சோதித்தால் ட்ரூவும் தேறிவிடும். வெளியிலிருந்து வரும் ஜேசானைச் சோதிக்கும்போது பூலைத் தனியாக விலக்குங்கள். டிக்ஷனரியில் 1, 1.0, ட்ரூ மூன்றும் ஒரே சாவி. பின்னால் வருவது முன்னதன் மதிப்பை அழித்துவிடும்.

~5 ஏன் -6?

பைத்தானின் எண்ணுக்குக் குறிப்பிட்ட பிட் அகலம் இல்லை. குறை எண்ணை, இடப்பக்கம் முடிவில்லாமல் 1-கள் நீளும் இரண்டின் நிரப்பியாகவே அது நடத்துகிறது. அதனால் ~ குறி எல்லா பிட்டையும் திருப்பும்போது -எண் - 1 கிடைக்கும்.

சி-யில் எழுதிய ஹாஷ் ஃபங்ஷனைப் பைத்தானுக்கு மாற்றும்போது இது முக்கியம். சி-யில் 32 பிட்டுக்கு மேல் போனது தானாக உதிரும், இங்கே எண் வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு கூட்டல், பெருக்கல், இடநகர்வுக்குப் பிறகும் & 4294967295 போட்டு வெட்டுங்கள். குறி உள்ள 32 பிட் விடை வேண்டுமானால், கடைசியில் எண் 2147483648 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது 4294967296-ஐக் கழியுங்கள்.

நம்பையில் கூட்டினால் எண் திடீரென்று குறைகிறதே?

நம்பை வரிசையில் இருப்பவை பைத்தானின் இன்ட் அல்ல. சி-யின் நிலையான அகல எண்கள். அகலம் நிரம்பினால் மீண்டும் அடியிலிருந்து தொடங்கும், வரிசைகளில் எச்சரிக்கைகூட வராது.

படங்களைக் கையாளும்போது இது அடிக்கடி நடக்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை கொள்ளும் யூஇன்ட்8. இரண்டு படங்களின் சராசரிக்கு (அ + ஆ) // 2 என்று எழுதுகிறீர்கள். ஒரு புள்ளியில் 200, இன்னொன்றில் 100. கூடுதல் 300, ஆனால் எட்டு பிட்டில் 300 அடங்காது. 256 போக மிஞ்சுவது 44. பாதி 22. வரவேண்டியது 150. வெளிச்சமான இடங்களில் மட்டும் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. கூட்டுவதற்கு முன் வரிசையை ஆஸ்டைப் மூலம் 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை, இழந்தது திரும்பாது.

இன்னொன்று: நம்பை 2.0 வருவதற்கு முன், அதாவது 2024 வரை, விண்டோஸில் இயல்பான முழு எண் 32 பிட், லினக்ஸிலும் மேக்கிலும் 64 பிட். 50000-ஐ 50000-ஆல் பெருக்கினால் ஒரு கணினியில் 2500000000, இன்னொன்றில் -1794967296. பழைய பதிப்பில் ஓடும் நிரலில் எண் வகையை, அதாவது டிடைப்பை, வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

அட்டவணைகளைக் கையாளும் நூலகமான பாண்டாஸில் 101 என்பது 101.0 ஆகிவிட்டது.

அந்த நெடுவரிசையில் எங்கோ ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. சாதாரண இன்ட்64-இல் "மதிப்பு இல்லை" என்று எழுத இடமில்லாததால் பாண்டாஸ் மொத்த நெடுவரிசையையும் ஃப்ளோட்டாக்கிவிடுகிறது. நீண்ட அடையாள எண்களாக இருந்தால் கடைசி இலக்கமும் மாறிப்போகலாம். கோப்பைப் படிக்கும்போதே டிடைப்பைப் பெரிய ஐ-யில் தொடங்கும் இன்ட்64 என்று கொடுங்கள். அது காலிக் கட்டத்தையும் தாங்கும்.

ஏபிஐ (நிரல்கள் தரவைப் பரிமாறும் இடைமுகம்) மூலம் அனுப்பும் ஐடி, பிரவுசரில் ஒன்று குறைவாகத் தெரிகிறது.

9007199254740993 என்ற எண்ணைப் பைத்தான் ஜேசானில் சரியாகவே எழுதுகிறது. அனுப்பும் வழியிலும் அது மாறுவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்கும் கணத்தில் 9007199254740992 ஆகிறது. அங்கே சாதாரண எண்கள் எல்லாமே 64 பிட் ஃப்ளோட். நம்பத்தக்க எல்லை 9007199254740991. ட்விட்டர் 2010-இலேயே ஐடியோடு அதன் ஸ்ட்ரிங் வடிவத்தையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இந்தக் காரணத்துக்காகத்தான்.

தீர்வு, ஐடியை ஸ்ட்ரிங்காக அனுப்புவது. ஜாவாஸ்கிரிப்ட்டில் பெரிய முழு எண்ணுக்கான பிக்இன்ட் வகை இருக்கிறதே என்றால், அதைச் சாதாரண எண்ணோடு கலந்து கூட்டினால் டைப் எரர் வரும், ஜேசான்.ஸ்ட்ரிங்கிஃபையும் அதை ஏற்காது.

டேட்டாபேஸில் என்ன கவனிக்கவேண்டும்?

கட்டத்தின் அகலம். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் இன்டிஜர் என்றால் 4 பைட், உச்சம் 2147483647. தாண்டினால் போஸ்ட்கிரெஸ் பிழை தரும். மைஎஸ்கியூஎல்லில் கண்டிப்பு முறை அணைந்திருந்தால் பிழை வராமல் உச்ச மதிப்பையே எழுதிவிடும். பல வரிசைகளில் 2147483647 என்ற ஒரே எண்ணைக் கண்டால் உண்மையான மதிப்புகள் போய்விட்டன என்று பொருள். எஸ்கியூலைட் 8 பைட் வரை கொள்ளும். அதற்கு மேல் பைத்தானே ஓவர்ஃப்ளோ எரர் தந்துவிடும். தானாக ஏறும் ஐடிக்குத் தொடக்கத்திலேயே 8 பைட் கொண்ட பிக்இன்ட் கட்டம் வைப்பது நல்லது. பதிவுகள் பெருகிய பிறகு அகலத்தை மாற்றுவது பெரும்பாடு.

மற்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் எப்படி?

ரூபியும் பைத்தான்போல எல்லையற்றது. 2016-இல் வந்த 2.4 பதிப்பில் ஃபிக்ஸ்னம், பிக்னம் இரண்டையும் இன்டிஜர் என்று ஒன்றாக்கியது. பிஎச்பி 64 பிட்டைத் தாண்டியதும் சத்தமில்லாமல் ஃப்ளோட்டுக்கு மாறும். லூவா 5.3 முதல் 64 பிட் முழு எண் உண்டு, நிரம்பினால் சுற்றிவரும். பாஷிலும் அப்படியே. கூடவே 08, 09 என்று வரும் மாதத்தையும் நாளையும் எண்ணடிமானமாகப் படித்துப் பிழை தரும். ஏழாம் மாதம் வரை ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் திடீரென்று நின்றால் அங்கே பாருங்கள். எண்ணுக்கு முன் 10# சேர்த்தால் சரியாகும்.

தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, கணக்கு எண் இவற்றை இன்ட்டாக வைக்கலாமா?

வேண்டாம். முன்னால் சுழி இருந்தால் அது தொலைந்துபோகும், எத்தனை சுழிகள் இருந்தன என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது இலக்கங்களால் ஆன பெயர். கோப்பைப் படிக்கும் முதல் வரியிலேயே அதை ஸ்ட்ரிங் என்று சொல்லிவிடுங்கள்.